புதுப் பாட்டு எங்கே கிடைக்கும்? சோல், இண்டி, எலக்ட்ரானிக்: கேள்வி பதில்

சோல், இண்டி (பெரிய கம்பெனிகளைச் சாராத இசை), எலக்ட்ரானிக் இசை பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்ததில் பாதி ஒரே கேள்விதான். எனக்கு ஆர்வமானதற்கு விரிவாகவும் மற்றதற்கு ஒரு வரியிலும் பதில் எழுதியிருக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சேலம்: ஸ்பாட்டிஃபை ஒரே மாதிரிப் பாட்டாகவே தருகிறது அண்ணே. புதிதாகக் கண்டுபிடிக்க என்ன வழி?

அது அப்படித்தான் தரும். 2015-இல் வந்த டிஸ்கவர் வீக்லி திங்கள்தோறும் 30 பாட்டு கொடுக்கிறது. உங்களோடு ரசனை ஒத்துப்போகிறவர்கள் கேட்டிருப்பார்கள், நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். அதை எடுத்துத் தருவதுதான் அதன் அடிப்படை. அங்கே தூக்கிவாரிப் போடும் எதுவும் வராது.

நான் பாட்டைத் தேடுவதில்லை, ஆளைத் தேடுவேன். பாடகி எமி வைன்ஹவுஸின் 'பேக் டு பிளாக்' ஆல்பத்தை (2006) பலர் கேட்டிருப்பீர்கள். அதில் மார்க் ரான்சன் தயாரித்த பாட்டுகளில் வாசித்தது டாப்-கிங்ஸ் என்ற குழு. புரூக்ளினில் உள்ள டாப்டோன் என்ற சின்ன லேபிளின் (ரெக்கார்டு கம்பெனியின்) ஆஸ்தானக் குழு அது. அந்த லேபிளின் நட்சத்திரம் ஷாரன் ஜோன்ஸ். ஒரு காலத்தில் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலராக வேலை பார்த்தவர். அடுத்து சார்ல்ஸ் பிராட்லி. பல வருடம் சோல் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் மாதிரி வேஷம் கட்டிப் பாடியவர். 2011-இல் முதல் ஆல்பம் வந்தபோது வயது 62. அப்புறம் அதே டாப்டோன் கலிஃபோர்னியாவில் பென்ரோஸ் என்று ஒரு கிளை தொடங்கியது. அந்தப் பக்கம் போனால் சான் டியாகோவின் தீ சேக்ரட் சோல்ஸ், முதல் ஆல்பம் 2022.

இந்த வழி முழுக்க ரெக்கார்டு அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் பெயர்கள்தான். டிஸ்காக்ஸ் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். யார் வாசித்தார்கள், யார் ஒலிப்பதிவு செய்தார்கள், எந்த லேபிள் என்று படியுங்கள்.

ஈரோடு: எனக்கு ஒரே மாதிரிப் பாட்டாக வருகிறது. என்ன செய்யலாம்?

மேலே சேலத்துக்காரருக்கு எழுதியிருக்கிறேன்.

திருநெல்வேலி: சோல் என்று எதைச் சொல்கிறார்கள்? மோட்டவுன், ஸ்டாக்ஸ் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

கறுப்பின மக்களின் தேவாலயத்தில் பாடும் முறையை எடுத்து, கடவுள் இருந்த இடத்தில் காதலையும் பிரிவையும் வைத்தது என்று தோராயமாகச் சொல்லலாம். நீங்கள் கேட்ட இரண்டும் சோல் லேபிள்கள். மோட்டவுன் 1959-இல் டெட்ராய்ட்டில் தொடங்கியது. நிறுவனர் பெர்ரி கார்டி கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பாட்டையும் அப்படியே வரிசையில் ஓட்டினார். வாராவாரம் தரப் பரிசோதனைக் கூட்டம் வேறு உண்டு. அதனால் மோட்டவுன் பாட்டில் பிசிறே இருக்காது.

ஸ்டாக்ஸ் மெம்ஃபிஸில், ஒரு பழைய சினிமா தியேட்டருக்குள். நாற்காலியை எடுத்தாலும் தரையின் சரிவு அப்படியே இருந்தது, அதுவும் அந்த ஒலிக்கு ஒரு காரணம் என்பார்கள். நிறவேற்றுமை கொடிகட்டிப் பறந்த ஊரில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசித்த குழு அவர்களுடையது: புக்கர் டி அண்ட் த எம்ஜிஸ். என்னைக் கேட்டால் ஸ்டாக்ஸ்தான். அழுக்கும் வியர்வையும் இருக்கும்.

நாகர்கோவில்: அடெல் மாதிரி யாராவது?

அடெலே இருக்கிறாரே. 'மாதிரி' என்று தேடுவதை விடுங்கள்.

தஞ்சாவூர்: நம்ம ராஜாவும் ரஹ்மானும் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

அவர்கள் இருவரும் உங்களைப் போல் நினைத்திருந்தால் நமக்கு அந்தப் பாட்டுகளே கிடைத்திருக்காது.

மதுரை: ஆசிட் ஹவுஸ் என்ற எலக்ட்ரானிக் ஆட்ட இசை மும்பையில் பிறந்தது, சிகாகோக்காரர்கள் பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. சரண்ஜித் சிங் இந்திப் பட ஸ்டூடியோக்களில் வாசித்தவர். 1982-இல் ரோலண்ட் கம்பெனியின் மூன்று கருவிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு ரெக்கார்டு போட்டார். தாளத்துக்கு டிஆர்-808, அடியில் ஓடும் பேஸுக்கு டிபி-303, ராகத்துக்கு ஜூபிடர்-8. அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2010-இல் மறுவெளியீடு வந்தபோதுதான் உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆசிட் ஹவுஸின் தொடக்கம் என்று சொல்லப்படும் 'ஆசிட் டிராக்ஸ்' ரெக்கார்டை சிகாகோவின் ஃபியூச்சர் குழு வெளியிட்டது 1987-இல். ஐந்து வருடம் முந்தியே இங்கே அதே போன்ற ஒலி.

டொராண்டோ: இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சிகாகோவில் யாரும் அந்த ரெக்கார்டைக் கேட்கவில்லை. யாருமே கேட்காதது எப்படித் தொடக்கமாகும்? தேசப்பற்றை இதில் கலக்காதீர்கள்.

மதுரை: முதலில் செய்தவர் முதலில் செய்தவர்தானே? அடுத்தவன் கேட்டானா இல்லையா என்பது வேறு கதை.

இருவரும் யார் முந்தி என்பதிலேயே நிற்கிறீர்கள். அந்தப் பெட்டியைக் கொஞ்சம் பாருங்கள்.

303-ஐ ரோலண்ட் செய்தது, வீட்டில் தனியாகப் பயிற்சி செய்யும் கிடார்காரருக்குத் துணையாக பேஸ் வாசிக்க. அது பேஸ் கிடார் மாதிரிக் கேட்கவே இல்லை. சுரங்களை உள்ளே பதிப்பதும் பெரிய தலைவலி. 1984-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடந்தது. அதனால்தான் கையில் காசில்லாத சிகாகோ இளைஞர்களுக்கு எட்டியது. அவர்கள் சில சுரங்களை ஓடவிட்டு, ஓடும்போதே ஃபில்டர் குமிழ்களைத் திருகினார்கள். அந்தத் திருகல்தான் ஆசிட். 'ஆசிட் டிராக்ஸ்' முழுக்க அதே சுரங்கள் சுற்றும், நாதத்தின் நிறம் மட்டும் மாறிக்கொண்டே போகும். சிகாகோவின் மியூசிக் பாக்ஸ் கிளப்பில் டிஜே ரான் ஹார்டி ஒரே இரவில் அதை நாலு தடவை போட்டாராம். முதல் தடவை ஆடுகளம் காலி, நாலாவது தடவை கூட்டம் வெறிபிடித்து ஆடியது. இது ஃபியூச்சர் குழுவினரே சொல்லும் கதை.

சரண்ஜித் சிங் செய்தது வேறு. அவருக்கு மேலே ஓடும் ராகம்தான் முக்கியம், 303 அதற்குப் பக்கவாத்தியம். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் வசதி அந்தப் பெட்டியில் உண்டு, ராகத்துக்கு அது தோதாக அமைந்தது. அவர் வாசித்த பூபாலி நமக்கு மோகனம், மால்கௌன்ஸ் நமக்கு ஹிந்தோளம், யமன் நமக்குக் கல்யாணி. கச்சேரி கேட்டுப் பழகிய காது சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

சிகாகோ இவரிடமிருந்து எடுத்ததற்கு ஒரு தடயமும் இல்லை. அதில் டொராண்டோ சொல்வது சரி. ஆனால் அதற்காக இந்த ரெக்கார்டை வேடிக்கைப் பொருளாகத் தள்ளுவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். யார் முதல் என்ற பந்தயத்தில் இறக்காமல் கேட்டாலும் அது நல்ல இசை.

டொராண்டோ: நல்ல இசை இல்லை என்று நான் சொல்லவே இல்லையே.

சரி. அப்படியானால் முடிந்தது.

யாழ்ப்பாணம்: தமிழ்ப் பிள்ளைகள் யாராவது சோல் பாடுகிறார்களா?

பிரியா ரகு. ஈழத்திலிருந்து போன குடும்பம், வளர்ந்தது சுவிட்சர்லாந்தில். ஜாப்னா கோல்ட் என்ற பெயரில் இசையமைப்பது அவருடைய சகோதரர். 2021-இல் ஒரு மிக்ஸ்டேப், 2023-இல் 'சந்தோஷம்' ஆல்பம். முதலில் 2021-ஐக் கேளுங்கள். லண்டன் தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ. உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் 2007-இல் வந்த 'கலா'வை ஹெட்போனில் இன்னொரு தடவை கேளுங்கள், சென்னையில் பதிவு செய்த உறுமி எப்படி உறுமுகிறது என்று தெரியும். போன் ஸ்பீக்கரில் அதெல்லாம் வராது. பேஸ் கிடாரின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ். அந்தக் குட்டி ஸ்பீக்கருக்கு அது எட்டாத ஆழம்.

கோவை: எலக்ட்ரானிக் இசைக்கு எங்கிருந்து தொடங்குவது?

இரவில் பேருந்தில் போகிறவரா? பரியலின் 'அன்ட்ரூ' (2007). உட்கார்ந்து கேட்க 46 நிமிடம் உண்டா? ஃப்ளோட்டிங் பாயின்ட்ஸும் ஃபாரோ சாண்டர்ஸும் லண்டன் சிம்ஃபொனியும் சேர்ந்த 'பிராமிசஸ்' (2021). ஷஃபிளில் போட்டுவிட்டு ஒன்றும் புரியவில்லை என்று திரும்பி வராதீர்கள்.

சென்னை: இண்டி கலைஞருக்குக் காசு போய்ச் சேர என்ன வழி?

பேண்ட்கேம்ப் என்ற இசை விற்பனைத் தளம். டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் எடுப்பது 15 சதவீதம், மிச்சத்தில் பணப் பரிமாற்றக் கட்டணம் போக மீதி கலைஞருக்கு. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1,000 தடவைகூட ஓடாத பாட்டுக்கு ஒரு பைசா கிடையாது. பேண்ட்கேம்பில் இன்னொரு லாபம்: ஆல்பத்துக்குக் கீழே வாங்கியவர்களின் குட்டிப் படங்கள் இருக்கும். ஒருவரைத் தட்டினால் அவர் வேறு என்னென்ன வாங்கினார் என்று தெரியும். காசு கொடுத்து வாங்கியவரின் சிபாரிசை நான் நம்புவேன்.

திண்டுக்கல்: நல்ல பிளேலிஸ்ட் ஒன்று அனுப்புங்களேன். ஒரே மாதிரிப் பாட்டாக...

சேலம். சேலத்துக்குப் போங்கள்.

சிங்கப்பூர்: டிஜே போட்ட பாட்டை ஷசாமால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஏன்?

இன்னும் வெளிவராததாக இருக்கலாம். முன்பு வேண்டுமென்றே மறைத்தார்கள். வட இங்கிலாந்தின் நார்தர்ன் சோல் கிளப்புகளில், 1970-களில், அபூர்வ ரெக்கார்டின் நடுவில் உள்ள பெயர்ச்சீட்டின் மேல் காகிதம் ஒட்டிப் பொய்ப்பெயர் வைப்பார்கள், போட்டி டிஜே தேடி வாங்கிவிடக் கூடாதே என்று. விரல்விட்டு எண்ணும் பிரதிகளே மிஞ்சிய ஃபிராங்க் வில்சனின் 1965 ரெக்கார்டு ஒன்று 2009-இல் 25,000 பவுண்டுக்கு மேல் போனது. லண்டனின் என்டிஎஸ் வானொலியைக் கேளுங்கள், அங்கே பாட்டுப் பட்டியலையும் போடுகிறார்கள்.

மதுரை: கடைசியாக ஒன்று. அந்த 303 இப்போது என்ன விலை?

அசல் பெட்டிக்கு லட்சக்கணக்கில் கேட்பார்கள். பெரிங்கரின் டிடி-3 என்ற நகல் அதில் ஒரு துளி விலைதான். அதை வாங்கி மோகனத்தில் ஆரம்பியுங்கள். ஐந்து சுரம்தான், பதிப்பது அவ்வளவு கஷ்டமாக இருக்காது.