சோதனை முடிவு வர முன்பே பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீட்டுக்கு வந்தது ஏன்?

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "கணவருக்குக் காய்ச்சல். எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று வைத்தியசாலையில் சொன்னார்கள். முடிவு வர முன்பே பி.எச்.ஐ. வந்து விபரம் எடுத்தார். பிறகு இரத்தச் சோதனையில் ஒன்றும் இல்லையாம். அயலவர்கள் எங்களை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். பதிவிலிருந்து பெயரை வெட்டச் சொல்லலாமா?"

அவசரப்படாதீர்கள் சகோதரி. எலிக்காய்ச்சல் இலங்கையில் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். சந்தேகம் வந்தாலே வைத்தியர் எச் 544 என்ற நோய் அறிவித்தல் படிவத்தை எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். எதைச் சந்தேகமாக எடுப்பது என்பதற்கும் வரையறை உண்டு: திடீர்க் காய்ச்சல், தலையிடி, கடுமையான தசை நோ, கண் சிவத்தல், இவற்றோடு வயல் சேற்றிலோ தேங்கிய தண்ணீரிலோ இறங்கிய வரலாறு. காலபோகத்தில் (மாரி மழை நெற்செய்கையில்) வரம்பு கட்டியவருக்கு இது அப்படியே பொருந்தும். ஆய்வுகூடச் சான்று கிடைத்தால்தான் 'உறுதியானது' என்ற வகைக்கு மாறும். முடிவு வரட்டும் என்று காத்திருந்தால், அதே வயலில் நிற்கும் மற்றவர்களைக் காப்பாற்றும் நாட்கள் போய்விடும். 2024 டிசம்பரில், வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் இந்த நோய் உயிர்களைப் பறித்ததை மறக்க முடியாது.

எல்லா நோய்க்கும் இதே அளவுகோல் இல்லை. வன்னியை ஒரு காலத்தில் வாட்டிய மலேரியாவை எடுங்கள். நாட்டுக்குள்ளேயே பரவிவந்த மலேரியாவின் கடைசி நோயாளி 2012இல். 2016இல் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழும் கிடைத்தது. அங்கே இரத்தத்தில் கிருமியைக் கண்டால்தான் கணக்கு.

சரி, 'ஒன்றும் இல்லை' என்ற முடிவு? இரத்தம் காய்ச்சலின் எத்தனையாம் நாள் எடுத்தார்கள் என்று கேளுங்கள். பொதுவாகச் செய்யும் சோதனை நோய் எதிர்ப்பொருளைத் தேடுவது. முதல் சில நாட்களில் அது தெரியாமல் போகலாம். ஒன்றிரண்டு வாரம் கழித்து இன்னொரு மாதிரி எடுத்து, எதிர்ப்பொருளின் அளவு நாலு மடங்கு கூடியிருந்தால் நோய் உறுதி. வேறு நோய் என்று நிரூபணமானால் எம்.ஓ.எச். அலுவலகமே பதிவைத் திருத்தும்.

அயலவர்களிடம் பயமில்லாமல் சொல்லுங்கள்: இது எலி, மாடு போன்றவற்றின் சலம் (சிறுநீர்) கலந்த தண்ணீரால் வருவது, ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றுவது மிக அரிது. அவர்களும் அதே வயலில் இறங்குபவர்கள் என்றால், வாரம் ஒருமுறை எடுக்கும் டொக்ஸிசைக்ளின் தடுப்பு மாத்திரையைப் பி.எச்.ஐ.யிடம் கேட்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் வைத்தியரிடம் கேளாமல் எடுக்கக் கூடாது. கணவருக்குச் சலம் குறைந்தாலோ கண் மஞ்சளானாலோ உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். போனதும் "வயலில் இறங்கினவர்" என்பதை முதலில் சொல்லுங்கள்.