பதிவேட்டில் இல்லாத கை

கேள்வி: 1919-ல் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு லேவாதேவிக்காரர் கொலையாவதை வைத்து வந்திருக்கும் சரித்திரத் துப்பறியும் நாவலை நீங்களும் படித்துக்கொண்டிருப்பதாகப் போன இதழில் எழுதியிருந்தீர்கள். நான் பாதி வந்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் செம்பில் இருந்த கைரேகையை எடுத்ததோடு சரி. அதற்குப் பிறகு ஆசிரியர் சட்டம், கண்மாய், தீர்வை என்று பாடம் நடத்துகிறார். அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் படித்தால் என்ன?
– வாசகர், திருமங்கலம்

பதில்: தள்ளுங்கள், யார் கேட்கப்போகிறார்கள்? கொலைகாரனையும் சேர்த்துத் தள்ளிவிடுவீர்கள், அவ்வளவுதான்.

செம்பில் ரேகை கிடைத்தது. ஒப்பிட்டுப் பார்க்கப் பதிவேடு வேண்டாமா? அந்தப் பதிவேட்டில் யார் கை இருந்தது என்பதைத்தான் நீங்கள் பாடம் என்று சலித்துக்கொள்ளும் பக்கங்கள் சொல்கின்றன. 1871-ல் வடக்கே கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறகு பிறமலைக் கள்ளர் ஊர்களில் ஆண்பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ரேகை எடுத்தார்கள். திருடியவன், திருடாதவன் என்ற பேதமே கிடையாது. அந்தச் சாதியில் பிறந்தது போதும். இரவானால் ஸ்டேஷனிலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும், வெளியூர் போக வேண்டுமென்றால் சீட்டு வாங்க வேண்டும். பண்ணையார் கையோ, கச்சேரி குமாஸ்தா கையோ அந்த மையில் பட்டதில்லை. அப்படியானால் அந்தப் பதிவேட்டை வைத்து இன்ஸ்பெக்டர் யாரைப் பிடிப்பார்? கொன்றவனையா, பெயர் ஏறியவனையா? நாவலின் முடிச்சே இதுதான் என்று எனக்குப் படுகிறது.

கண்மாய்க் கதையும் வீண் இல்லை. 1895-ல் திறந்த பெரியாறு அணைத் தண்ணீர் மேலூர்ப் பக்கம் பாய்ந்தது. உசிலம்பட்டி மேட்டு நிலம் வானம் பார்த்தே கிடந்தது. லேவாதேவிக்காரருக்கு அங்கே ஏன் அத்தனை பேர் கடன்பட்டிருந்தார்கள், அவர் செத்தால் யாருக்கு லாபம் என்பதெல்லாம் அந்த வறண்ட கண்மாயில்தான் கிடக்கிறது. துப்புக்கூலி வரும் அத்தியாயத்தையாவது விட்டுவிடாதீர்கள். தொலைந்த மாட்டுக்குக் கூலியைக் கொடுத்தால், சொன்ன இடத்தில் மாடு கட்டிக் கிடக்கும். எப்படி வந்தது என்று எவரும் கேட்பதில்லை. போலீஸ் வருவதற்கு முன்பே அங்கே ஒரு விசாரணை முறை இருந்தது என்பதை ஆசிரியர் அலட்டிக்கொள்ளாமல் காட்டிவிடுகிறார்.

குறையே இல்லை என்கிறேனா? இன்ஸ்பெக்டர் நேற்றுத் தொலைக்காட்சி பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி பேசுகிறார். போதாக்குறைக்கு ஒரு அத்தியாயத்தில் வைகை அணைக் கரையில் உட்கார்ந்து யோசிக்கிறார். 1919-ல்! அணை திறந்தது 1959-ல். நாற்பது வருடம் முன்னால் போய் உட்கார்ந்து யோசிக்கிற அளவுக்கு மூளை இருப்பவர், வழக்கை மூன்றாம் அத்தியாயத்திலேயே முடித்திருக்கலாம். பதிப்பகத்தில் பிழை பார்ப்பவர்கள் சந்திப்பிழையோடு வருடத்தையும் பார்த்தால் நல்லது.

நான் விட்ட இடத்தில் கதை 1919 மார்கழியில் நிற்கிறது. 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றவர்களைச் சுட்டார்கள். 16 பேர் செத்தார்கள். அன்றைக்கு அந்த ஊர் உங்கள் திருமங்கலம் தாலுகாதான். ஆசிரியர் அந்தத் தேதி வரை போவாரா, அதற்கு முன்பே ஒருவனுக்கு விலங்கு மாட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்வாரா என்று பார்க்கத்தான் நான் மீதியைப் படிக்கிறேன். என் சந்தேகம் ரேகை எடுக்கும் குமாஸ்தா மேல். எனக்கு முன்னால் முடித்துவிட்டீர்களென்றால், தயவு செய்து கார்டில் பெயரை எழுதிப் போட்டுவிடாதீர்கள்.