கீசரைப் பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

கீசர் என்பது தண்ணீரைத் தேக்கிச் சூடாக்கும் மூடிய தொட்டி. அதைப் பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்பது, கோளாறு தொட்டியிலா அதில் பொருத்திய உறுப்புகளிலா என்பதைப் பொறுத்தது. சூடேற்றும் காயில், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், வால்வு ஆகியவற்றைக் கழற்றி மாற்றிவிடலாம். அவற்றுக்காகப் புதுக் கீசர் வாங்குவது வீண் செலவு என்பேன். தொட்டியே ஒழுகினால் மாற்றத்தான் வேண்டும்.

காரணம் இதுதான்: பல கீசர்களில் எஃகுத் தொட்டியின் உட்புறம் கண்ணாடிப் பூச்சு இருக்கும், அப்பூச்சின் நுண்ணிய விரிசல்களில் எஃகு துருப்பிடிக்காதபடி, மக்னீசியக் கம்பி ஒன்று தானே கரைந்து தொட்டியைக் காக்கிறது. அந்தக் கம்பியை உரிய காலத்தில் மாற்றினால் தொட்டியின் ஆயுள் கூடும்; மாற்றாமல் விட்டால், அது தீர்ந்தபின் தண்ணீர் எஃகை அரிக்கத் தொடங்கி, வெளியே முதல் சொட்டு தெரிவதற்குள் உள்ளே அரிப்பு வெகுதூரம் பரவியிருக்கும். குழாயைத் திறந்தால் குளிர்ந்த நீர் தெளிவாகவும் வெந்நீர் மட்டும் செந்நிறமாகவும் வருவது அதற்கு ஓர் அறிகுறி.

குக்கரின் கேஸ்கெட் தேய்ந்தால் கேஸ்கெட்டை மாற்றுகிறோம். அடிப்பாகம் ஓட்டையானால் ஒட்டுப்போட்டுச் சமைக்க யாரும் துணிவதில்லை.

கீசரின் அடியில் ஈரம் கண்டாலே தொட்டி ஓட்டை என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் சூடாகும் தண்ணீர் விரிவடைவதால் பாதுகாப்பு வால்வு சில சொட்டுகளை வெளியேற்றக்கூடும், ஆகவே மின்சாரத்தை அணைத்து, இணைப்புகளைத் துடைத்து, ஈரம் முதலில் எங்கே கசிகிறது என்று பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.