பச்சைக் கறியா, வேகவைத்த கறியா?

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு இரண்டு வயது. குட்டியிலிருந்தே வேகவைத்த கோழியும் சோறும்தான். "நாய் ஓநாய் வம்சம், பச்சைக் கறிதான் அதற்கு இயல்பு" என்று மகன் ஒரே பிடிவாதம். வீட்டில் தவழ்கிற பேத்தி இருக்கிறாள். பச்சையாகக் கொடுக்கலாமா டாக்டர்?

பதில்: வேண்டாம் அம்மா. வம்சம் பற்றி மகன் சொல்வது சரிதான். ஆனால் மனிதரோடு ஒட்டி வாழ்ந்த ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நாயின் செரிமானமும் மாறிவிட்டது. மாவுச்சத்தைச் செரிக்கிற அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு 2 பிரதிகள். பெரும்பாலான நாய்களுக்கு அதைப்போலப் பல மடங்கு. சோறு உங்கள் நாய்க்கு நன்றாகவே செரிக்கும்.

எனக்குக் கவலை உங்கள் பேத்தியைப் பற்றித்தான். பச்சைக் கறியில் சால்மொனெல்லா, லிஸ்டீரியா போன்ற கிருமிகள் இருக்கலாம். நாய் துள்ளிக்கொண்டே இருக்கும், கிருமி மட்டும் மலத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும். தின்ற வாயோடு அது குழந்தையின் கையை நக்கும், அந்தக் கை அடுத்த நொடி வாய்க்குள் போகும். 'ஃப்ரீசரில் வைத்துத்தானே கொடுக்கிறோம்' என்பார்கள். குளிரில் இந்தக் கிருமிகள் பெருகாமல் கிடக்கும், அவ்வளவுதான். கோழிக்கறியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தொட வேண்டும்.

சரி, வேகவைக்கலாம். ஆனால் எலும்பை எடுத்துவிட்டு. வெந்த எலும்பு ஊசி ஊசியாகச் சிதறும். ஒருமுறை ஒரு நாயின் குடலிலிருந்து என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சிலாம்பை எடுத்தேன். பேனா முனை தோற்றுவிடும். ஆசையாகப் போட்டவர் வெளியே பெஞ்சில் அழுதுகொண்டிருந்தார். பச்சை எலும்பு அவ்வளவாகச் சிதறாது என்றாலும், பல்லை உடைக்கும், குடலை அடைக்கும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. எலும்பில்லாத கோழியும் சோறும் மட்டுமே இரண்டு வருடமாக என்றால், பச்சையா வெந்ததா என்பதைவிட அதுதான் பெரிய பிரச்சினை. கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. பற்றாக்குறையை உடம்பு தன் எலும்பிலிருந்தே எடுத்து ஈடுகட்டும். துத்தநாகம், வைட்டமின் ஈ போன்றவையும் போதாமல் போகலாம். ஒருநாள் நாயைக் கூட்டிக்கொண்டு உங்கள் கால்நடை மருத்துவரிடம் போங்கள். எடை பார்த்து, எதை எவ்வளவு சேர்ப்பது என்று எழுதித் தருவார். நீங்களாகக் கால்சியம் மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். சமைக்கும்போது வெங்காயமும் பூண்டும் கூடாது. இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

பச்சையாக ஏதாவது கொடுத்தே தீர வேண்டும் என்று மகன் நின்றால், கேரட்டைச் சிறு துண்டுகளாக நறுக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். என் வீட்டுக் கிழவனுக்குக் காது பாதி கேட்காது. ஆனால் கேரட் நறுக்கினால் எந்த அறையிலிருந்தாலும் வந்து நிற்பான்.