மனநோய்க்கு அட்மிட் ஆகி வீட்டுக்கு வந்த தம்பிய எப்படி பாத்துக்கறது? பழைய மாதிரி ஆவானா?

கேள்வி கேட்டவர் சொன்னது சுருக்கமா இதுதான். தம்பிக்கு 24 வயசு, ஸ்கிசோஃப்ரினியான்னு (மனச்சிதைவு நோய்) சொல்லி மூணு வாரம் அட்மிட் பண்ணி மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க, இப்ப ரூம விட்டு வெளிய வரமாட்டேங்கறான், அம்மா அழுதுட்டே இருக்காங்க, தெருவுல கேக்கறாங்க.

நான் டாக்டர் இல்லங்க. முசிறி பக்கம் ஒரு ஊர்ல மோட்டார் காயில் கட்டற கடை வச்சிருக்கேன். எங்க அக்காவுக்கு இதே வியாதி, 15 வருஷம் ஆச்சு. அவகிட்ட கேட்டுட்டுதான் எழுதறேன், "பூ கட்டறத எழுது, அந்த காபி கதையையும் எழுது, என் பேர மட்டும் போடாத"ன்னா.

கல்யாணம் ஆகி ஒரு வருஷத்துல ஆரம்பிச்சுது. மொதல்ல தூக்கம் போச்சு. அப்புறம் டிவில நியூஸ் வாசிக்கிறவங்க தன்னப் பத்திதான் பேசறாங்கன்னா, சோத்துல எதையோ கலக்கறாங்கன்னு சாப்பிட மாட்டேன்னா. மாமியார் வீட்ல "புள்ளைய ஏமாத்தி கட்டி வச்சிட்டீங்க"ன்னு கொண்டாந்து விட்டுட்டுப் போனவங்கதான், திரும்பி வரவே இல்ல. எங்க ஊர்ல இதுக்கு மொத பேரு காத்து கருப்பு, ரெண்டாவது பேரு செய்வினை. தாயத்து கட்டினோம், மந்திரிச்சோம், கோழி அறுத்தோம். அப்புறம் குணசீலம் பெருமாள் கோயில்ல 48 நாள் அம்மாவும் அக்காவும் தங்கினாங்க. அங்க உச்சிகாலத்துலயும் அர்த்தஜாமத்துலயும் முகத்துல தீர்த்தம் அடிப்பாங்க, தெரிஞ்சிருக்கும். நான் அத குறை சொல்ல மாட்டேன், ஏன்னா அந்த 48 நாள்ல அம்மா மொத தடவையா இதே கஷ்டத்துல இருக்கற வேற குடும்பங்களப் பாத்தாங்க, அதுல ஒரு அம்மாதான் "சாமியும் கும்பிடுங்க, மாத்திரையும் குடுங்க, ரெண்டும் சண்ட போட்டுக்காது"ன்னு சொல்லி ஆஸ்பத்திரிக்கு வழி சொன்னாங்க.

இப்ப அந்த காபி கதை. ஆஸ்பத்திரில இருந்து வந்து ரெண்டு மாசம் நல்லா இருந்தா, அப்புறம் எனக்குத்தான் சரியாயிடுச்சே எதுக்கு மாத்திரைன்னு நிறுத்திட்டா. கெஞ்சினோம், திட்டினோம், ஒரு தடவ நான் கையும் நீட்டிட்டேன், அத நெனச்சா இன்னும் ஒரு மாதிரி இருக்கும். கடைசில யாரோ சொன்னாங்கன்னு அம்மா மாத்திரைய நுணுக்கி காபில கலந்து குடுக்க ஆரம்பிச்சாங்க. ஒரு நாள் டம்ளர் அடில கரையாத தூள் கெடந்துது. அக்கா அத விரல்ல தொட்டுப் பாத்துட்டு எங்க மூணு பேர் மூஞ்சியையும் பாத்தா பாருங்க. சோத்துல விஷம் கலக்கறாங்கன்னு பயந்துட்டு இருந்தவ, நாங்க "அப்படியெல்லாம் இல்லம்மா, அது உன் வியாதி"ன்னு சொல்லிட்டு இருந்தோம், கடைசில பாத்தா நாங்க நிஜமாவே கலந்துட்டு இருந்தோம். அதுக்கப்புறம் ஒரு வருஷம் அம்மா கையால பச்சத்தண்ணி வாங்கல. அதனால தம்பி மாத்திரை வேணாம்னா கலந்து மட்டும் குடுத்துடாதீங்க. டாக்டர்கிட்ட சொன்னா ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு, மாசத்துக்கு ஒண்ணுன்னு போடற ஊசி இருக்கு, அது ஒத்துவருமான்னு தம்பியையும் உக்கார வச்சு பேசுங்க.

ஏன் நிறுத்தினான்னும் கேளுங்க, திட்டறதுக்காக இல்ல, நெஜமாவே தெரிஞ்சுக்கறதுக்கு. அக்காவுக்கு கை நடுக்கம், நடை கட்ட மாதிரி ஆயிடுச்சு, ஆறு மாசத்துல 12 கிலோ ஏறிட்டா, பகல்லாம் தூக்கம். நாங்க "அதெல்லாம் ஒண்ணுமில்ல, பொறுத்துக்கோ"ன்னு சொல்லிட்டே இருந்தோம். அவளா ஓபி சீட்டுல பேனாவால "கை நடுங்குது, பூ கட்ட முடியல"ன்னு எழுதி டாக்டர் கைல குடுத்தா, அவரு டோஸ கொறச்சு நடுக்கத்துக்கு வேற மாத்திரை சேத்தாரு, மூணு வாரத்துல கை நின்னுடுச்சு. அந்த ஒரு வரிய நாங்க ரெண்டு வருஷமா அவருகிட்ட சொல்லவே இல்ல.

அடுத்து வீட்டுப் பேச்சு. என்னக் கேட்டா மாத்திரைக்கு அடுத்தபடி இதுதான். ஆஸ்பத்திரில சோஷியல் வொர்க்கர் ஒருத்தங்க சொன்னாங்க, 1950கள்ல லண்டன்ல ஜார்ஜ் பிரவுன்னு ஒருத்தர், டிஸ்சார்ஜ் ஆகிப் போனவங்கள்ல யாரு திரும்பி வராங்கன்னு பாத்தாராம். அப்பா அம்மாகிட்டயோ பொண்டாட்டிகிட்டயோ போனவங்கதான் அதிகமா திரும்பி வந்தாங்களாம், கூடப் பொறந்தவங்க வீட்டுக்கோ வாடகை ரூமுக்கோ போனவங்க அந்தளவுக்கு வரல. பாசம் இல்லாத எடத்துல எப்படி நல்லா இருப்பாங்கன்னு தோணும், எனக்கும் தோணுச்சு. பின்னாடி அந்த ஆராய்ச்சிக்காரங்க கண்டுபிடிச்சது என்னன்னா வீட்ல எந்நேரமும் குத்தம் சொல்றது, வெறுப்பா பேசறது, இல்லன்னா நேர் எதிரா ஒரு நிமிஷம் கூட தனியா விடாம பொத்திப் பொத்தி பாத்துக்கறது, இந்த மூணுல எது இருந்தாலும் வியாதி திரும்ப வர வாய்ப்பு ஜாஸ்தி. 1976ல வந்த இன்னொரு ஆராய்ச்சில, அந்த மாதிரி வீட்ல வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துட்டு இருந்தா இன்னும் மோசம்னு வந்துச்சு. இத கேட்டுட்டு உங்க அம்மாவாலதான் வியாதி வந்துச்சுன்னு எடுத்துக்காதீங்க, அது அர்த்தம் இல்ல. வியாதி வந்ததுக்கு அவங்க காரணம் இல்ல, வந்தப்புறம் வீடு எப்படி இருக்குங்கறதுதான் பேச்சு.

எங்க வீட்ல குத்தம் சொல்றது நான், பொத்திப் பாத்துக்கறது அம்மா. அக்காவ அடுப்புகிட்ட விட மாட்டாங்க, கத்திய ஒளிச்சு வச்சிருப்பாங்க, பாத்ரூம் போனா வாசல்ல நிப்பாங்க. 30 வயசுப் பொம்பள, தலைக்கு எண்ண கூட அம்மாதான் வைக்கணும். ஒரு நாள் அம்மாவுக்கு காய்ச்சல், வேற வழி இல்லாம அக்காவே அருவாமனைய இழுத்துப் போட்டு உக்காந்து அவரைக்காய் அரிஞ்சு கொழம்பு வச்சா. உப்பு கூட. ஆனா அன்னைக்குத்தான் அம்மாவுக்கே தெரிஞ்சுது, இவ்ளோ நாளா காவல் காத்தது அக்காவையா, தன் பயத்தையான்னு.

அப்புறம்தான் பூ. எங்க தெருவுல நாலஞ்சு பொம்பளைங்க மத்தியானம் திண்ணைல உக்காந்து பூக்கடைக்கு கட்டிக் குடுப்பாங்க, கிலோவுக்கு இவ்ளோன்னு கூலி. கடைக்கார அக்கா ஒருத்தங்க ஒரு கை மல்லிய எங்க அக்கா மடில கொட்டிட்டு "சும்மா தானே உக்காந்திருக்க, கட்டு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. பரிதாபப்பட்டு இல்ல, அன்னைக்கு முகூர்த்த நாள், ஆள் பத்தல. மொத நாள் ரெண்டு மணி நேரத்துல அரை முழம், அதுவும் லொடலொடன்னு, பிரிச்சு திரும்பக் கட்ட வேண்டியதாப் போச்சு. யாரும் பாராட்டல, "நெருக்கமா கட்டு"ன்னு திட்டு வேற விழுந்துது. ஆனா அந்த திட்டு எல்லாருக்கும் விழற திட்டு பாருங்க, அதுல ஒரு சமாதானம் இருந்துது போல, மறுநாள் அவளே கெளம்பிப் போனா. இப்ப எட்டு வருஷமா கட்டறா. வர்ற காசு பெருசில்ல, மாசம் ஒரு சீட்டு கட்டறா, ரீசார்ஜ் பண்ணிக்கறா. எனக்கு அத விட முக்கியமாப் பட்டது அந்த நாலு மணி நேரம் அம்மாவும் அக்காவும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காம இருந்தது. ரெண்டு பேரும் சாயந்தரம் பேசறதுக்கு ஏதோ விஷயம் இருந்துது.

உங்க தம்பிய உடனே வேலைக்கு அனுப்புங்கன்னு சொல்லல. ரூம்லயே கெடக்கறது சோம்பேறித்தனம் இல்ல, பாதி வியாதி, பாதி மாத்திரை மயக்கம், காதுல யாரோ பேசற மாதிரி சத்தம் கேக்கறத விட இந்த எதுலயும் மனசு ஒட்டாத தன்மைதான் போக லேட் ஆகும். பால் வாங்கிட்டு வா, மாடில துணிய எடுன்னு ஒண்ணு குடுங்க, செய்யலன்னா அன்னைக்கு விட்டுடுங்க. டீக்கடையோ லைப்ரரியோ கிரிக்கெட் ஆடற பசங்களோ, தினம் ஒரு எடத்துக்கு அவன் போய் வரணும், அங்க அவன யாராவது "என்னடா நேத்து காணோம்"னு கேக்கணும்.

தெருவுக்கு என்ன சொல்றதுன்னா, நாங்க ரொம்ப நாள் நரம்புத் தளர்ச்சின்னு பொய் சொன்னோம், யாரும் நம்பல, பின்னாடி "லூசு வீடு"ன்னுதான் வழி சொன்னாங்க. அப்புறம் ரெண்டே ரெண்டு பேர்கிட்ட மட்டும் உள்ளத சொன்னோம், பூக்கடை அக்காகிட்டயும் எதிர்வீட்டு ரிட்டையர்டு வாத்தியார்கிட்டயும். எல்லாருக்கும் விளக்கம் குடுக்கறது நம்ம வேலை இல்ல. ரெண்டு பேருக்கு சரியா தெரிஞ்சா அவங்க மத்தவங்களப் பாத்துப்பாங்க. ஸ்கூல் பசங்க அக்காவ கேலி பண்ணப்ப வாத்தியார் ஒரு அதட்டு போட்டாரு, அதோட சரி. யாருகிட்ட சொல்லலாம்னு தம்பியக் கேட்டு சொல்லுங்க, அது அவனோட விஷயம்.

திரும்ப வருமான்னா வரலாம். அக்காவுக்கு மூணு தடவ வந்துது. ஒவ்வொருத்தருக்கும் முன்னாடி ஒரு அடையாளம் இருக்கும், அக்காவுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு வாசல் கழுவறது. ஒரு நாப்பது பக்க நோட்டு போட்டு தூக்கம், சாப்பாடு, என்ன வித்தியாசம்னு அவளே எழுதுவா, ரெண்டு நாள் தூக்கம் இல்லன்னா நேரா ஆஸ்பத்திரி. அவளுக்கு இன்னும் சில நாள் சத்தம் கேக்கும், "இன்னைக்கு ஜாஸ்தியா இருக்கு"ன்னு சொல்லிட்டு எஃப்எம்ம வச்சிட்டு உக்காருவா, பூ கட்டுவா.

அலைச்சல் விஷயம் கொஞ்சம். மாவட்ட மனநலத் திட்டம்னு ஒண்ணு இருக்கு, தமிழ்நாட்ல மொதல்ல ஆரம்பிச்சதே எங்க திருச்சிலதான், 1997ல. இப்ப எல்லா மாவட்டத்துலயும் உண்டு, தாலுகா ஆஸ்பத்திரிக்கு குறிப்பிட்ட நாள்ல டீம் வரும், மாத்திரை இலவசம். அவசரமா யாருகிட்டயாவது பேசணும்னா டெலி மனஸ்னு அரசாங்கத்தோட ஃபோன் உதவி இருக்கு, நம்பர் 14416, 24 மணி நேரமும் தமிழ்ல பேசலாம், நோயாளி மட்டும் இல்ல, நாமளும் பேசலாம். மனநோயும் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இருக்கு, சான்றிதழ் குடுத்தா யூடிஐடிங்கற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கலாம், வேணுமா வேணாமான்னு தம்பி முடிவு பண்ணட்டும். 2018 மே மாசத்துல இருந்து அமல்ல இருக்கற மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, எனக்கு முடியாமப் போனா இந்த வைத்தியம் வேணும், இது வேணாம், என் சார்பா இவங்க பேசட்டும்னு நல்லா இருக்கும்போதே எழுதி வைக்கலாம். அக்கா என் பேர எழுதல, எங்க சித்தி பொண்ணு பேர சொல்லிருக்கா. மொதல்ல கோவம் வந்துது, கை நீட்டினவன் பேர எதுக்கு எழுதுவா.

சங்கிலி போடறதும் அந்தச் சட்டத்துல குத்தம். ராமநாதபுரம் பக்கம் ஏர்வாடில 2001 ஆகஸ்ட் 6ந் தேதி விடியக்காலம் மனநோயாளிங்கள வச்சிருந்த கொட்டகை தீப்பிடிச்சு 28 பேர் செத்தது, சங்கிலில கட்டி வச்சிருந்ததால ஓட முடியாமத்தான். யாராவது "அங்க கொண்டு போய் விட்டுடு, பாத்துப்பாங்க"ன்னு சொன்னா, பதிவு பண்ண எடமான்னு மொதல்ல கேளுங்க.

இன்னொண்ணு, சாகணும் போல இருக்குன்னு அவன் சொன்னா பேச்ச மாத்தாதீங்க, நேராவே கேளுங்க, கேட்டதால யாருக்கும் அந்த எண்ணம் புதுசா வராது. கூடவே இருங்க, அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க. நாங்க வயக்காட்டுக் குடும்பம், பூச்சி மருந்த வீட்ல வைக்கறத எப்பவோ நிறுத்திட்டோம்.

அம்மாவுக்கு இப்ப 68. எனக்கப்புறம் இவள யாரு பாப்பான்னு ராத்திரில பொலம்புவாங்க. மனநோய் உள்ளவங்களுக்காக வேலை செய்யற சென்னை பான்யன் அமைப்பு 2015ல இருந்து ஒரு ஏற்பாடு பண்றாங்க, நாலஞ்சு பேரா சாதாரண தெருவுல வாடகை வீடு எடுத்து, உதவிக்கு ஒரு ஆள் வச்சு அவங்களே சமைச்சு வாழற மாதிரி. அக்காகிட்ட சொன்னேன். "நான் எதுக்குப் போகணும், இந்த வீட்லயே பின்னாடி ரூம ரெண்டு பேருக்கு வாடகைக்கு விடு"ன்னா.

கல்யாணம் பண்ணா சரியாயிடும்னு உங்க வீட்லயும் இன்னேரம் யாராவது சொல்லிருப்பாங்க. சரியாகாது. அவனுக்கே ஒரு நாள் வேணும்னு தோணி, பொண்ணு வீட்ல எல்லாத்தையும் சொல்லி நடந்தா அது வேற.

பழைய மாதிரி ஆவானான்னு கேட்டிருந்தீங்க. எங்க அக்கா டீச்சர் ட்ரெய்னிங் முடிச்சவ, அது திரும்ப வரல, நாங்களும் அத எதிர்பாக்கறத விட்டு ரொம்ப நாள் ஆச்சு. போன வாரம் முகூர்த்தத்துக்கு மட்டும் 60 முழம் கட்டினா. மருந்து பேர் கேட்டு மெசேஜ் பண்ணாதீங்க ப்ளீஸ், அவளுக்கு ஒத்துக்கிட்டது உங்க தம்பிக்கு ஒத்துக்கணும்னு இல்ல. வேற எது வேணா கேளுங்க, கடை மூடினதுக்கப்புறம் பதில் போடறேன்.