ஊசி பிடிப்பவருக்கு நாற்காலி உண்டா? மருத்துவப் பணியாளர் பாதுகாப்பு அமைப்புகளின் தலைமை குறித்த கேள்வி பதில்

மருத்துவப் பணியாளர் பாதுகாப்புக்காகவும் உயிரிப்பாதுகாப்புக்காகவும் இயங்கும் லாப நோக்கற்ற அமைப்புகளை யார் நடத்துகிறார்கள், யார் நடத்த வேண்டும் என்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, மருத்துவமனைத் தொற்றுத் தடுப்புப் பணியில் இருக்கும் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி: இத்தகைய அமைப்புக்கு மூத்த மருத்துவர் ஒருவர் தலைவராக இருந்தால் போதாதா? வேறு துறையினர் எதற்கு? (கல்லூரி ஆசிரியர்)

பதில்: போதாது என்பதற்கு இத்துறையின் தொடக்கக் கதையே சான்று. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜனீன் ஜாகர் சிகிச்சை தரும் மருத்துவர் அல்லர். தொற்றுநோயியல் அறிஞர், அதற்கு முன்பு தலைக்காயங்களைப் பற்றி ஆராய்ந்தவர். 1980-களில் எச்ஐவி அச்சம் பரவியபோது, செவிலியர்கள் ஊசியால் தங்களைக் குத்திக்கொள்வதற்குக் கவனக்குறைவே காரணம் என்றும், பயன்படுத்திய ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் தீர்ந்துவிடும் என்றும்தான் மருத்துவ உலகில் பெரும்பாலோர் நம்பினர். ஜாகரும் அவருடைய குழுவினரும் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையில் பத்து மாதங்களில் நேர்ந்த 326 ஊசிக்குத்துக் காயங்களை எடுத்துக்கொண்டு, எந்தக் கருவியால் எத்தனை காயம் என்று எண்ணியதோடு நிற்காமல், அந்தக் கருவி எத்தனை வாங்கப்பட்டது என்ற கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தனர். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் சாதாரண சிரிஞ்சுதான் முதல் குற்றவாளி. ஆனால் வாங்கிய ஒவ்வொரு ஒரு லட்சத்துக்கும் எத்தனை காயம் என்று பார்த்தபோது சிரிஞ்சுக்கு 6.9, சலைன் குழாயில் செருகும் ஊசிக்கு 36.7 என்று வந்தது. பயன்படுத்திய பிறகு கையால் பிரித்தெடுக்க வேண்டிய கருவிகள் சிரிஞ்சைவிட ஐந்து மடங்குக்கும் மேல் வரை ஆபத்தானவை என்று 1988-இல் அவர்கள் வெளியிட்டனர்.

அதே ஆய்வில் என்னை இன்றளவும் கவரும் பகுதி இன்னொன்று. மூன்றில் ஒரு பங்கு காயங்கள் மூடியைத் திரும்பப் போடும்போது நேர்ந்தவை. ஆனால் செவிலியர்கள் மூடியைப் போட்டதற்குக் காரணம் இருந்தது: மூடாத ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் நாலு பொருள்களைச் சுமந்து நடப்பதும், மூடாத ஊசியைக் குழாயிலிருந்து கழற்றுவதும் அவர்களுக்கு அதைவிட அபாயமாகத் தெரிந்தன. அதாவது ஓர் ஆபத்திலிருந்து தப்பவே அவர்கள் இன்னோர் ஆபத்தைத் தேர்ந்துகொண்டார்கள். இதைக் காண்பதற்குச் சிகிச்சை அனுபவத்தைக் காட்டிலும், விபத்தை விபத்தாகப் பார்க்கும் பயிற்சியே உதவியது. ஜாகர் பின்னர் வழிநடத்திய மையத்தின் பணி இன்று சர்வதேசப் பாதுகாப்பு மையம் என்ற லாப நோக்கற்ற அமைப்பாகத் தொடர்கிறது. அதன் தலைமைப் பொறுப்பை அவருக்குப் பின் ஏற்ற ஆம்பர் ஹோகன் மிட்செல் பொதுச் சுகாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிர்வாகத்தில் இரத்தவழித் தொற்றுகளுக்கான தேசிய ஒருங்கிணைப்பாளராக இருந்தவர். முதலாமவர் ஆதாரத்தைத் திரட்டினார். அடுத்து வந்தவர் அந்த ஆதாரம் விதியாக மாறும் அலுவலகத்தை உள்ளிருந்தே அறிந்தவர். தலைமைக் குழுவில் இவ்விரு அறிவும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: ஊசிக்குத்துக் காயங்களைப் பதிவு செய்ய ஜாகரின் குழு உருவாக்கிய எபிநெட் படிவத்தில் அப்படி என்னதான் கேட்கிறார்கள்? (செவிலியர் கண்காணிப்பாளர்)

பதில்: 1991-இல் உருவான முறை அது. காயம் எங்கே நடந்தது, நோயாளியின் அறையிலா, அறுவை அரங்கிலா, கழிவு வைக்கும் இடத்திலா? கருவி எது? எந்த வேலைக்காக அதை எடுத்தார்கள்? குத்தியது பயன்படுத்தும் முன்பா, பயன்படுத்தும்போதா, பிரிக்கும்போதா, கூர்முனைக் கழிவுப் பெட்டியில் போடும்போதா, போட்ட பிறகா? பாதுகாப்பு அமைப்புள்ள கருவியா, இருந்தால் அதை இயக்கினார்களா, இயக்கும் முன்பே குத்திவிட்டதா? கையுறை ஒன்றா, இரண்டா? காயம் எவ்வளவு ஆழம்?

படிவத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும்: 'ஏன் கவனமாக இல்லை' என்ற கேள்வி அதில் எங்கும் கிடையாது. இரவுப் பணியில், இரத்தக் குழாயில் செருகும் கேனுலாவின் ஊசியை உருவித் திரும்பும்போது குத்திக்கொண்ட ஒரு செவிலியர் அதை நிரப்பினால், அவருடைய கை எங்கே இருந்தது, பெட்டி எங்கே இருந்தது, ஊசி தானாக உள்வாங்கியதா என்பவை பதிவாகும். அப்படி ஐம்பது படிவங்கள் சேர்ந்தால் பெட்டியைக் கட்டிலின் எந்தப் பக்கம் மாட்ட வேண்டும் என்று முடிவெடுக்கலாம். ஒரு படிவத்தில் என்ன கேட்கலாம், என்ன கேட்கக் கூடாது என்று தீர்மானிப்பதைத் தலைமைப் பணி என்று பலர் எண்ணுவதில்லை. இத்துறையில் அதைவிடப் பெரிய தலைமைப் பணி இல்லை என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

கேள்வி: எங்கள் இடத்தில் ஊசி குத்தியதாகச் சொன்னால் விளக்கம் கேட்டு மெமோ வருகிறது. அதனால் யாரும் சொல்வதில்லை. வெளியிலிருக்கும் ஓர் அமைப்பின் தலைமையால் இதை எப்படி மாற்ற முடியும்? (பணிச் செவிலியர்)

பதில்: முதலில் உங்களுக்கு ஒரு வார்த்தை: மெமோவுக்கு அஞ்சிக் காயத்தை மறைக்காதீர்கள். உடனே சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள், பிதுக்காதீர்கள், அப்போதே மருத்துவரைப் பாருங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை எவ்வளவு விரைவில் தொடங்குகிறீர்களோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் பயனிராது என்றே கொள்ளப்படுகிறது. மருந்து 28 நாள்கள். நோயாளிக்குத் தொற்று இருந்தாலும் ஒரு குத்தில் எச்ஐவி தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 விழுக்காடுதான். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்போ 6 முதல் 30 விழுக்காடு வரை. ஆகவே உங்கள் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். வெளி அமைப்பால் மெமோவைத் தடுக்க முடியாது. ஆனால் மெமோ எழுதும் வழக்கத்தைச் சட்டத்தால் மாற்றச் செய்ய முடியும். அமெரிக்காவில் 2000 நவம்பர் 6 அன்று கையெழுத்தான ஊசிக்குத்துப் பாதுகாப்பு மற்றும் தடுப்புச் சட்டம், கூர்முனைக் காயங்களுக்கென்று தனிப் பதிவேட்டை வைக்கச் சொன்னது. கருவியின் வகையும் தயாரிப்பும், நடந்த பிரிவு, நடந்த விதம் ஆகியவை அதில் இருக்க வேண்டும்; காயம்பட்டவரின் அடையாளம் காக்கப்பட வேண்டும். அச்சட்டம் நடைமுறைக்கு வந்த 2001-இல், எபிநெட் தரவு தந்த மருத்துவமனைகளில் காயங்களின் வீதம் ஏறத்தாழ 38 விழுக்காடு குறைந்தது. பல ஆண்டுகளாகத் தரவு சேர்த்து வைத்திருந்ததால்தான் இதைச் சட்டத்தின் பயன் என்று காட்ட முடிந்தது.

கேள்வி: நிர்வாகக் குழுவில் செவிலியரைச் சேர்ப்பது பெரும்பாலும் பெயரளவுக்குத்தானே? (செவிலியர் சங்க உறுப்பினர்)

பதில்: பெயரளவுக்குச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பெயரளவைத் தாண்டினால் என்ன நடக்கும் என்பதற்கு கேரன் டேலி ஓர் எடுத்துக்காட்டு. பாஸ்டனில் அவசரப் பிரிவுச் செவிலியராக இருந்த அவர், 1998-இல் இரத்தம் எடுத்த ஊசியைச் சுவரில் மாட்டிய பெட்டிக்குள் போடும்போது, உள்ளே நீட்டிக்கொண்டிருந்த வேறோர் ஊசி குத்தியது. எச்ஐவி, ஹெபடைடிஸ் சி இரண்டும் தொற்றின. மூடி போடுவதில் அவர் எந்தப் பிழையும் செய்யவில்லை. பெட்டிதான் அவரைக் காயப்படுத்தியது. தம் நோயைப் பொதுவெளியில் சொல்லிச் சட்டமன்றங்களிலும் நாடாளுமன்றக் குழு முன்னும் சாட்சியம் அளித்தார். பின்னாளில் அமெரிக்கச் செவிலியர் சங்கத்தின் தலைவரானார்.

முன்பு சொன்ன ஊசிக்குத்துச் சட்டத்திலேயே இதற்கான வழியும் எழுதப்பட்டிருக்கிறது. கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது, நிர்வாகப் பொறுப்பில் இல்லாத, நோயாளியை நேரடியாகக் கவனிக்கும் பணியாளர்களின் கருத்தைக் கேட்க வேண்டும். கேட்டதை ஆவணப்படுத்தவும் வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் ஜூன் ஃபிஷர் என்ற மருத்துவர் நடத்திய திட்டம், மருத்துவப் பணியாளர்களையும் பொருள் வடிவமைப்பாளர்களையும் ஒரே மேசையில் அமர்த்திப் பாதுகாப்புக் கருவிகளை மதிப்பிடும் படிவங்களை உருவாக்கியது. ஒரு கையால் இயக்க முடியுமா, இடக்கைப் பழக்கமுள்ளவருக்கு ஒத்துவருமா என்பன போன்ற கேள்விகளைக் கருவியைத் தினமும் கையாள்பவரே கேட்க முடியும்.

கேள்வி: ஊசி தயாரிக்கும் நிறுவனங்களே இவ்வமைப்புகளுக்கு நிதி தருவதாகக் கேள்விப்படுகிறேன். இது சரியா? (கணக்குத் தணிக்கையாளர்)

பதில்: இத்துறையில் தொழில் நிறுவனங்களின் ஆதரவு பரவலாக உண்டு. பாதுகாப்பான கருவி சந்தைக்கு வர உற்பத்தியாளரோடு பேசித்தான் ஆக வேண்டும் என்பதால் முழுதாக விலகி நிற்பதும் எளிதன்று. நான் மூன்று இடங்களைப் பார்ப்பேன். நிதி தருபவரின் பெயர் வெளிப்படையாக இருக்கிறதா? தரவைப் பகுத்தாய்ந்து வெளியிடும் முடிவு யார் கையில் இருக்கிறது? ஓர் உறுப்பினருக்குத் தொடர்புள்ள பொருள் விவாதத்துக்கு வரும்போது அவர் கூட்டத்திலிருந்து எழுந்து போகிறாரா? அமெரிக்காவில் வரிவிலக்குப் பெற்ற பெரும்பாலான அமைப்புகளின் ஆண்டு அறிக்கைப் படிவத்தில் இயக்குநர்களின் பெயரும் ஊதியமும், நலன் முரண்பாட்டுக் கொள்கை உண்டா என்ற கேள்வியும் இருக்கின்றன. அதை யாரும் பார்க்கலாம். தணிக்கையாளராகிய நீங்கள் அங்கிருந்தே தொடங்கலாம்.

கேள்வி: தொற்றுத் தடுப்பு வல்லுநர் இருக்கும்போது தொழில் பாதுகாப்பு வல்லுநர் தனியாக ஏன் வேண்டும்? இருவரும் ஒன்றுதானே? (மருத்துவமனை நிர்வாகி)

பதில்: ஒன்று என்று எண்ணியதால் ஒரு நகரம் பெரும் விலை கொடுத்தது. 2003-இல் சார்ஸ் என்ற கடும் சுவாசத் தொற்று கனடாவின் டொராண்டோ நகரைத் தாக்கியது. கனடாவில் 44 பேர் இறந்தனர்; அவர்களுள் டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் இரண்டு செவிலியர்களும் ஒரு மருத்துவரும் அடங்குவர். உலக அளவில் அந்நோய் கண்ட 8,096 பேரில் 1,706 பேர் மருத்துவப் பணியாளர்கள், அதாவது ஐந்தில் ஒருவருக்கு மேல். நீதிபதி ஆர்ச்சி கேம்பெல் தலைமையிலான விசாரணை ஆணையம் ஆராய்ந்தபோது, தொற்றுத் தடுப்பினரும் பணியாளர் பாதுகாப்பு வல்லுநர்களும் ஒருவரையொருவர் அறியாத இரு உலகங்களாக இயங்கியது தெரியவந்தது. நோய் காற்றில் பரவுமா, நீர்த்திவலையால் மட்டும் பரவுமா என்ற வாதம் நீண்டுகொண்டிருந்தது. என்95 முகக்கவசம் தேவையா, முகத்தோடு பொருந்துகிறதா என்று சோதிக்க வேண்டுமா என்பதும் அதோடு இழுபட்டது. அறிவியல் முற்றும் உறுதியாகும் வரை பாதுகாப்புக்குக் காத்திருக்கக் கூடாது என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை ஆணையம் வலியுறுத்தியது.

தொற்றுத் தடுப்பு வல்லுநரின் பயிற்சி நோயாளியை மையமாகக் கொண்டது. தொழில் பாதுகாப்பு வல்லுநரோ பணியாளரின் மூச்சையும் தோலையும் முதலில் நினைப்பவர். நான் முதல் வகையைச் சேர்ந்தவன். இரண்டாம் வகையினர் பக்கத்தில் இருந்தால்தான் என் முடிவுகள் நேராகின்றன. கொரோனா காலத்தில், 2020 ஜனவரி முதல் 2021 மே வரை ஏறத்தாழ 1,15,500 மருத்துவப் பணியாளர்கள் இறந்திருக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. தலைமைக் குழுவில் இவ்விருவருள் ஒருவர் இல்லை என்றால் அக்குழு முழுமையற்றது என்று தயங்காமல் சொல்வேன்.

கேள்வி: ஆய்வகப் பக்கம் இதே போன்ற அமைப்புகள் உண்டா? (நுண்ணுயிரியல் மாணவி)

பதில்: உண்டு. அமெரிக்க உயிரியல் பாதுகாப்புச் சங்கம் 1984-இல் தொடங்கப்பட்டது. பல நாட்டுச் சங்கங்களை இணைக்கும் பன்னாட்டுக் கூட்டமைப்பு 2001-இல் உருவாகி, இத்துறைப் பணியாளர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழும் வழங்குகிறது. ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 35001 என்ற தரநிலை 2019-இல் வந்தது. உயர்மட்ட நிர்வாகத்தின் பொறுப்பு, ஆலோசகரின் பொறுப்பு, குழுவின் பொறுப்பு ஆகியவற்றை அது தனித்தனியே வரையறுக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்களின் விதி: மரபணு மாற்ற ஆய்வுகளைக் கண்காணிக்கும் குழுவில் குறைந்தது ஐந்து பேர் இருக்க வேண்டும்; அவர்களுள் இருவராவது அந்நிறுவனத்தோடு தொடர்பில்லாத, சுற்றுவட்டார மக்களின் நலனைப் பேசுபவர்களாக இருக்க வேண்டும்.

கேள்வி: அமெரிக்காவில் ஊசிக்குத்துச் சட்டம் வந்த பிறகு எல்லா இடத்திலும் காயம் குறைந்ததா? (அறுவை சிகிச்சை மருத்துவர்)

பதில்: குறையவில்லை, அதுவும் உங்கள் அரங்கில்தான். ஜாகரின் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறுவை அரங்கிற்கு வெளியே காயங்கள் 31.6 விழுக்காடு குறைந்தன, அரங்கினுள் 6.5 விழுக்காடு கூடின. தையல் ஊசியும் கத்தியும் கை மாறும் நேரமே அங்கு ஆபத்தானது. முனை மழுங்கிய தையல் ஊசி, கருவியைக் கைக்குக் கை கொடுக்காமல் நடுவில் ஒரு தட்டில் வைத்து எடுப்பது, இரட்டைக் கையுறை ஆகியவை தீர்வுகள் என்று தெரிந்தும் பழக்கம் மாறவில்லை. 2012-இல் பல அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட கூட்டறிக்கை அறுவை அரங்கை முதன்மை இலக்குகளுள் ஒன்றாக அறிவித்தது. தாங்கள் பாடுபட்டுக் கொண்டுவந்த சட்டம் எட்டாத இடத்தைத் தாங்களே எண்ணோடு வெளியிட்டதற்காக அக்குழுவை நான் மதிக்கிறேன்.

கேள்வி: தமிழ்நாட்டில் இப்படியோர் அமைப்பைத் தொடங்க விரும்புகிறோம். குழுவில் முதலில் யாரை அழைப்பது? (சமூகப் பணியாளர்)

பதில்: அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ நிறுவனச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின் கீழோ பதிவு செய்யலாம், அது ஒரு வழக்கறிஞர் முடித்துத் தரும் வேலை. ஆளைப் பொறுத்தவரை, முதலில் தூய்மைப் பணியாளர் ஒருவரை அழையுங்கள் என்பேன். வார்டில் தவறான பையில் விழுந்த ஊசி கடைசியில் குத்துவது அவருடைய கையைத்தான். குத்திய ஊசி எந்த நோயாளியுடையது என்று அப்போது யாராலும் சொல்ல முடியாது. அடுத்து ஒரு பணிச் செவிலியர், ஓர் ஆய்வக நுட்பர், தொற்றுநோயியல் தெரிந்த ஒருவர், தொழிலாளர் சட்டம் அறிந்த ஒருவர். மூத்த மருத்துவரையும் அழையுங்கள். ஆனால் கூட்ட நேரத்தை அவருடைய வசதிக்கு வைக்காமல், பணி முறை மாறும் நேரத்துக்கு ஏற்ப வையுங்கள். இல்லையேல் மற்றவர்களால் வர இயலாது.

தொடங்குவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கூர்முனைக் கழிவுகளைத் துளைபடாத வெள்ளைப் பெட்டியில் போட வேண்டும் என்றும், கழிவைக் கையாளும் அனைவருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும் என்றும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் அவர்களுக்கு உடற்பரிசோதனை செய்ய வேண்டும் என்றும், விபத்துகளை முதலாம் படிவத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் ஏற்கெனவே சொல்கின்றன. உங்கள் மாவட்டத்தில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களுள் எத்தனை பேர் மூன்று தவணை ஹெபடைடிஸ் பி ஊசியும் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டறிந்து ஒரு பட்டியல் தயாரியுங்கள். முதல் கூட்டத்தில் அந்தப் பட்டியலை மேசையில் வையுங்கள்.