ஜூரியாக வரச் சொல்லிக் கடிதம்: குப்பையில் போடலாமா?

கேள்வி: வணக்கம் சார். கும்பகோணம் பக்கம் எனக்குச் சொந்த ஊர். 2013இல் லண்டனுக்குப் படிக்க வந்தேன். இப்போது இல்ஃபோர்டில் குடியிருக்கிறோம். ஐ.எல்.ஆர். (இங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) இருக்கிறது, ஆனால் பாஸ்போர்ட் இந்தியன்தான். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை, சேர்ந்து 14 மாதம் ஆகிறது. ஸ்னேர்ஸ்புரூக் கிரவுன் கோர்ட்டுக்கு ஜூரியாக வரச் சொல்லிக் கடிதம் வந்து நாலு நாளாகிறது. "நாம சிட்டிசனே இல்லையே, தப்பா வந்திருக்கும், தூக்கிப் போடு" என்கிறார் கணவர். அவர் 2022இல்தான் இங்கே வந்தார். மேனேஜரிடம் சொன்னதற்கு, "இரண்டு வாரமும் சம்பளம் கிடையாது, திரும்பி வரும்போது உன் ஷிஃப்ட் இருக்கும் என்று உத்தரவாதம் தர முடியாது" என்று வாட்ஸாப்பில் அனுப்பியிருக்கிறார். போதாக்குறைக்கு அதே வாரத்தில் ஊரில் அண்ணன் மகள் கல்யாணம், டிக்கெட் எடுத்தாயிற்று. கோர்ட்டில் பேசும் அளவுக்கு என் இங்கிலீஷ் போதுமா என்றும் பயமாக இருக்கிறது. குற்றவாளிக் கூண்டில் நம்ம ஆள் யாராவது நின்றால் என்ன செய்வது? (பெயர் வேண்டாம்)

பதில்: கெடு ஓடிக்கொண்டிருப்பதால் முக்கியமானதை உங்களுக்குத் தனியாக எழுதி அனுப்பிவிட்டேன். இதே கேள்வி பலருக்கும் இருப்பதால் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

கடிதம் தப்பாக வரவில்லை. ஜூரி என்றால், வழக்கைக் கேட்டுக் குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் 12 பொதுமக்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஜூரியாக இருக்கக் குடியுரிமை தேவையில்லை. 1974ஆம் ஆண்டு ஜூரி சட்டம் முக்கியமாகக் கேட்பது இவைதான்: வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், வயது 18 முதல் 75 வரை, 13 வயதுக்குப் பிறகு குறைந்தது 5 ஆண்டு இந்த நாட்டில் வசித்திருக்க வேண்டும். இந்தியா காமன்வெல்த் நாடு. அதனால் இங்கே முறைப்படி விசாவில் இருக்கும் இந்தியருக்கும் இலங்கையருக்கும் ஓட்டு உண்டு. கிரெடிட் ஸ்கோர் ஏறும் என்று யாரோ சொல்லி கவுன்சிலின் வாக்காளர் பதிவுப் படிவத்தை நிரப்பி அனுப்பியிருப்பீர்கள், நம்மில் பாதிப் பேர் அதற்காகத்தான் பதிகிறோம். அந்தப் பட்டியலிலிருந்துதான் கம்ப்யூட்டர் ஆளைப் பொறுக்குகிறது. 2013 முதல் இங்கே இருக்கும் நீங்கள் தகுதியானவர். கணவரின் பெயரும் பட்டியலில் இருந்து நாளைக்கே அவருக்கும் இப்படி ஒரு கடிதம் வந்தால், 5 ஆண்டு ஆகவில்லை என்று பதில் எழுதி அவர் விலகிக்கொள்ளலாம். அவரும் பதில் எழுதித்தான் ஆக வேண்டும், தூக்கிப் போடக் கூடாது.

கடிதம் கைக்கு வந்த 7 நாளுக்குள் பதில் போக வேண்டும். ஆன்லைனிலேயே செய்யலாம், கடிதத்தில் உள்ள 9 இலக்க ஜூரர் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். பதில் அனுப்பாவிட்டாலும், அன்றைக்குப் போகாவிட்டாலும் 1,000 பவுண் வரை அபராதம் உண்டு. தப்பிக்கப் பொய் எழுதினால் அதுவும் குற்றம். பின்னால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருக்கிறவர் ஒரு கடிதத்துக்குப் பதில் போடாமல் இப்படி ஒரு வம்பை விலைக்கு வாங்கவே கூடாது.

அடுத்தது கல்யாணம். இதற்குக் கவலையே வேண்டாம். தேதியைத் தள்ளிவைக்கும்படி பதிலிலேயே கேட்கலாம். காரணத்தை எழுதுங்கள், டிக்கெட் நகலையும் கல்யாணப் பத்திரிகையையும் தயாராக வைத்திருங்கள். இப்படி ஒரு தடவைதான் தள்ளிப்போட முடியும், அதுவும் 12 மாதத்துக்குள் ஒரு தேதிக்கு. அந்தப் 12 மாதத்தில் எந்தெந்த நாள் உங்களுக்கு ஒத்துவராது என்று படிவத்திலேயே கேட்பார்கள். ஊருக்குப் போகும் தேதியை மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிடாதீர்கள். முதியோர் இல்லத்தில் எந்த மாதம் ஆள் பற்றாக்குறை, யார் யார் எப்போது லீவு என்று மேனேஜரிடம் கேட்டு அதையும் சேர்த்து எழுதுங்கள். இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது.

ஜூரிக்குப் போனதற்காகவோ, அழைப்பு வந்ததற்காகவோ ஒருவரை வேலையிலிருந்து நீக்கினால் அது தானாகவே நியாயமற்ற பணிநீக்கம். 1996ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைச் சட்டத்தின் 98பி பிரிவு அப்படிச் சொல்கிறது. இத்தனை காலம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற கணக்கு இதற்குக் கிடையாது, உங்கள் 14 மாதம் தாராளம். நீக்காமல் ஷிஃப்டைக் குறைப்பது, மோசமான நேரத்துக்கு மாற்றுவது போன்ற பழிவாங்கலுக்கு 43எம் பிரிவு இருக்கிறது. ஆனால் 98பியில் ஒரு பொறி உண்டு. "நீ போனால் தொழிலுக்குப் பெரிய பாதிப்பு வரும்" என்று முதலாளி நியாயமான காரணத்தோடு சொல்லி, விலக்கோ தள்ளிவைப்போ கேட்கச் சொல்லியும் நீங்கள் காரணமில்லாமல் மறுத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு தள்ளிவைப்பு. அதைக் கல்யாணத்துக்குச் செலவழித்துவிட்டு, புதுத் தேதி மேனேஜருக்குத் தோதாக இல்லை என்று மறுபடி தகராறு கிளம்பினால் கையில் ஒன்றும் இருக்காது. அதனால்தான் இரண்டு காரியத்தையும் ஒரே பதிலில் முடிக்கச் சொல்கிறேன்.

மேனேஜரின் வாட்ஸாப் செய்தியை அழிக்காதீர்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து உங்கள் சொந்த ஈமெயிலுக்கு அனுப்பி வையுங்கள். ஆத்திரத்தில் பதில் போட வேண்டாம். இப்படி இங்கிலீஷில் எழுதி ஈமெயிலாக அனுப்பினால் போதும்: "எனக்கு ஜூரி சம்மன் வந்திருக்கிறது, நகலை இணைத்திருக்கிறேன். தேதியைத் தள்ளிவைக்கக் கேட்கப்போகிறேன். நம் இல்லத்துக்கு ஒத்துவராத வாரங்கள் எவை என்று நாளைக்குள் தெரிவித்தால் அதையும் குறிப்பிடுகிறேன். ஊதிய இழப்புக்கான சான்றிதழ் படிவம் கோர்ட்டிலிருந்து வரும், அதை நிரப்பித் தர வேண்டுகிறேன்." இவ்வளவுதான். சட்டப் பிரிவு எதையும் எழுதாதீர்கள். பெரும்பாலான மேனேஜர்கள் தெரியாமல்தான் இப்படி உளறுகிறார்கள். நீங்கள் மரியாதையாக எழுதினால் அவர் தன் தலைமை அலுவலகத்தைக் கேட்பார், அவர்கள் விவரம் சொல்வார்கள். அதையும் மீறி ஷிஃப்டில் கை வைத்தால் வேலைத் தகராறுகளில் சமரசம் பேசும் ஏகாஸ் (Acas) அமைப்பைக் கூப்பிடுங்கள். வேலைத் தீர்ப்பாயத்துக்குப் போக அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மூன்று மாதம் தாண்ட விடாதீர்கள்.

சம்பள விஷயத்தில் மட்டும் மேனேஜர் சொன்னது சரி, அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. லீவு தருவது கட்டாயம், சம்பளம் தருவது கட்டாயமில்லை. ஒப்பந்தத்தைப் புரட்டிப் பாருங்கள், சில இடங்களில் ஜூரி நாட்களுக்கு முழுச் சம்பளம் தருவதாக ஒரு வரி இருக்கும். இல்லையென்றால் கோர்ட் ஈடு கொடுக்கும். முதல் 10 நாளில், 4 மணி நேரத்துக்கு மேல் இருந்த நாளுக்கு அதிகபட்சம் 64.95 பவுண்; அதற்குக் குறைந்தால் 32.47. சாப்பாட்டுக்கு 5.71. பயணச் செலவு தனி. (தொகை மாறக்கூடும், போவதற்கு முன் அரசு இணையதளத்தில் ஒரு முறை பாருங்கள்.) ஒரு நாள் சம்பளம் 95 பவுண் என்று வைத்தால் தினமும் 30 பவுண் உங்கள் கையைக் கடிக்கும். குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கூடுதலாக ஆள் வைத்தால் அந்தச் செலவும் இதே 64.95க்குள்தான் அடங்க வேண்டும். இது நியாயமே இல்லை என்பது என் கருத்து. மணிக்கணக்கில் கூலி வாங்குகிறவர் ஒரு பொதுக் கடமைக்காகத் தன் பணத்தை இழக்கிறார், மாதச் சம்பளக்காரர் பலருக்கு ஒரு பென்னியும் குறைவதில்லை. ஆனால் இன்றைய நிலைமை இதுதான். இரண்டு வாரத்துக்கு 300 பவுண் துண்டு விழும் என்று இப்போதே கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி தள்ளிப்போவதில் இதற்கும் அவகாசம் கிடைக்கிறது.

இங்கிலீஷ் பற்றி. முதியோர் இல்லத்தில் மாத்திரை சார்ட் நிரப்புகிறீர்கள், ஷிஃப்ட் மாறும்போது ஒவ்வொரு பெரியவரின் நிலவரத்தையும் வாயால் சொல்லி ஒப்படைக்கிறீர்கள். அந்த இங்கிலீஷ் போதும். ஜூரி கோர்ட்டில் எழுந்து நின்று பேச வேண்டியதில்லை, கேட்க வேண்டும். பேச்சு எல்லாம் ஜூரி அறைக்குள்ளே, உங்களைப் போன்ற மற்றப் பதினொரு பேரோடு. நிஜமாகவே புரியாது என்றால் மறைக்கக் கூடாது, பதிலில் எழுதலாம், அங்கே போய் ஊழியரிடமும் சொல்லலாம். நீதிபதி இரண்டு வார்த்தை பேசிப் பார்த்துத் தீர்மானிப்பார். சட்டத்தின் 10ஆம் பிரிவு அதற்குத்தான். லீவு கிடைக்காத கோபத்தில் "நோ இங்கிலீஷ்" என்று நடிப்பது வேறு விஷயம், அதைச் செய்யாதீர்கள்.

அங்கே என்னதான் நடக்கும்? ஸ்னேர்ஸ்புரூக் கோர்ட் ஒரு காலத்தில் அனாதைக் குழந்தைகள் இல்லமாக இருந்த பெரிய கட்டடம். குளம், புல்வெளி எல்லாம் உண்டு. உள்ளே 20 விசாரணை அறைகள். விமான நிலையம் மாதிரிப் பையைச் சோதித்து அனுப்புவார்கள். அப்புறம் காத்திருப்பு. போய்வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் ஒரே குரலில் சொல்வது இந்தக் காத்திருப்பைப் பற்றித்தான். எனக்குத் தெரிந்த டாக்ஸி ஓட்டுநர் ஒருவர் முதல் மூன்று நாளும் டீ குடித்து முடித்து வீட்டுக்கு வந்தார், நாலாம் நாள் ஒரு அடிதடி வழக்கில் உட்கார்ந்தார். புத்தகமும் சார்ஜரும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயரைக் கூப்பிட்டால் ஒரு கூட்டமாக விசாரணை அறைக்குப் போவீர்கள், அங்கே குலுக்கல் முறையில் 12 பேரை எடுப்பார்கள். அமெரிக்க சினிமாவில் வருவது போல வக்கீல் குறுக்குக் கேள்வி கேட்டு ஆளைக் கழிப்பது இங்கே இல்லை. உறுதிமொழியைக் கீதையின் மீது எடுக்கலாம், குர்ஆன், பைபிள் உண்டு, எதுவும் வேண்டாம் என்றால் வெறும் உறுதிமொழி. பொதுவாக 10 வேலை நாள். சில வழக்கு நீளும், அதை முன்கூட்டியே சொல்லிக் கேட்பார்கள்.

நம்ம ஆள் நின்றால் என்ன செய்வது என்ற கேள்விதான் உங்கள் கடிதத்திலேயே கனமானது. தமிழர் என்பதற்காக நீங்கள் விலக வேண்டியதில்லை, யாரும் விலக்கவும் மாட்டார்கள். ஆனால் கிழக்கு லண்டனில் நம் வட்டம் சின்னது. குற்றம் சாட்டப்பட்டவர் உங்கள் கோயிலில் அன்னதானம் பரிமாறுகிறவராக இருக்கலாம், சாட்சி உங்கள் கணவரின் முதலாளிக்கு மைத்துனராக இருக்கலாம். தொடங்கும் முன் பெயர்களை வாசித்து, தெரிந்தவர் உண்டா என்று கேட்பார்கள். "நல்லா தெரியாது, பார்த்திருக்கேன்" என்ற அளவு என்றாலும் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, உங்களை வேறு வழக்குக்கு மாற்றுவார்கள், அவ்வளவுதான். பெயரில் பிடிபடாமல் மூன்றாம் நாள் முகத்தைப் பார்த்து நினைவுக்கு வந்தால், ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கோர்ட் ஊழியரிடம் கொடுங்கள், அது நீதிபதிக்குப் போகும். பக்கத்தில் இருக்கும் ஜூரியிடம் கிசுகிசுக்காதீர்கள்.

சாட்சி தமிழில் பேசி மொழிபெயர்ப்பாளர் இங்கிலீஷில் சொல்லும் வழக்கில் நீங்கள் மாட்டினால் இன்னும் கவனம் வேண்டும். மொழிபெயர்ப்பில் ஏதோ விட்டுப்போனது உங்களுக்கு மட்டும் தெரியும். அதை ஜூரி அறைக்குள் போய், "அவர் சொன்னது அப்படியில்லை, நான் சொல்கிறேன் கேளுங்கள்" என்று விளக்கினால் நீங்களே சாட்சியாகிவிடுகிறீர்கள். உங்களைக் குறுக்கு விசாரணை செய்ய எந்த வக்கீலுக்கும் வழியில்லை. அங்கேயும் துண்டுச் சீட்டுதான், உடனே.

வீட்டுக்கு வந்து அந்தப் பெயரைக் கூகுளில் தேடிப் பார்ப்பது குற்றம், 2 ஆண்டு வரை சிறை உண்டு. மிரட்டலுக்குச் சொல்லவில்லை. 2011இல் குற்றம் சாட்டப்பட்டவரோடு பேஸ்புக்கில் பேசிய ஒரு பெண் ஜூரிக்கு 8 மாதம் கிடைத்தது. வழக்கு முடியும்வரை கணவரிடமும் அது பற்றி மூச்சு விடக் கூடாது. முடிந்த பிறகு, திறந்த கோர்ட்டில் நடந்ததைத் தாராளமாகச் சொல்லலாம். ஜூரி அறைக்குள் யார் எந்தப் பக்கம் பேசினார், எத்தனை பேர் எதிராக நின்றார்கள் என்பது மட்டும் என்றைக்கும் வெளியே வரக் கூடாது. வாட்ஸாப் குடும்பக் குழுவுக்கும் இது பொருந்தும்.

இந்தியாவில் இதெல்லாம் கிடையாதே என்று உங்கள் கணவர் கேட்பார். இருந்தது. 1959இல் பம்பாயில் நானாவதி கொலை வழக்கில் ஜூரி 8க்கு 1 என்று குற்றவாளி இல்லை என்றது. நீதிபதி அதை ஏற்காமல் உயர்நீதிமன்றத்துக்கு அனுப்பினார், அங்கே ஆயுள் தண்டனை ஆயிற்று. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு ஜூரிக்கு அங்கே இடமில்லாமல் போனது. இங்கே நீதிபதிக்கு அந்த வசதி இல்லை. நீங்கள் விடுதலை என்றால் விடுதலைதான். 12 பேரும் ஒத்துப்போக வேண்டும் என்றுதான் முதலில் சொல்வார்கள். சில மணி நேரம் பேசியும் முடியவில்லை என்றால், 10 பேர் ஒரு பக்கம் நின்றாலும் ஏற்கலாம் என்று நீதிபதி அனுமதிப்பார். "உறுதியாகத் தெரிகிறதா" என்பதுதான் உங்கள் முன் வைக்கப்படும் கேள்வி. உறுதியில்லை என்றால் அப்படியே சொல்லுங்கள்; மற்றவர் வீட்டுக்குப் போக அவசரப்படுகிறார் என்று கையைத் தூக்காதீர்கள்.

கோர்ட்டில் பணி முடிந்ததும் கொடுக்கும் தாள்களைப் பத்திரமாக வையுங்கள். செலவுக் கணக்கை அனுப்ப அவை வேண்டும். அடுத்த 2 ஆண்டுக்குள் மறுபடி அழைப்பு வந்தால், ஏற்கனவே போய்வந்தேன் என்று அதைக் காட்டி விலக்குக் கேட்கவும் அவைதான் உதவும். அப்போதும் பதில் 7 நாளுக்குள்.